இடமரை

பேத்தமங்களாவின் ஏரி எப்போது உடைந்தது, உடைந்த கரையை எவர் எடுத்துக் கட்டினார் என்பதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். விஜயாதித்தமங்கலம் என்று பழைய சாசனங்கள் பெயர் சொல்லும் அவ்வூரில், பாலாற்று வெள்ளம் அறுத்துக்கொண்டு போன கரையைப் பத்தாம் நூற்றாண்டில் இறிவ நொளம்பன் காலத்திலே ஒரு தடவையும், 1155-ல் போசள மன்னனுடைய தண்டநாயகனாகிய சொக்கிமய்யன் முயற்சியால் மற்றொரு தடவையும் திரும்பக் கட்டி நிலைநிறுத்தினார்கள் என்பது அந்தச் சாசனங்களால் நமக்குத் தெரியவருகிறது. ஆனால் அந்த ஏரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பால் கேனும் காய்கறி மூட்டையும் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்துப் போன ஜனங்களின் பெடல்களை யார் யார் கழற்றிப் பூட்டினார்கள் என்பதற்கு எந்தச் சாசனமும் கிடையாது. கரையைச் செப்பனிட்டவர் தண்டநாயகர். பெடலைச் செப்பனிட்டவரோ அரையடி உயர முக்காலியிலே குந்தி உட்கார்ந்த சைக்கிள் கடைக்காரர். இப்படிச் சாசனம் ஏறாமல் போன தொழிலைப் பற்றியே இங்கே எழுத உத்தேசம்.

பேத்தமங்களா இருக்கும் திசையிலே பழுது பார்ப்பது என்பது வெறும் பிழைப்பன்று. அந்தப் பிரதேசத்தின் சுபாவமே அதுவாக இருந்தது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார்ச் சுரங்கங்களின் நிர்வாகத்தை ஏற்றபின், பாறை துளைக்கும் கருவி முதல் குழாயின் திருகாணி வரையில் சகல சாமான்களும் சீமையிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறிப் பௌரிங்பேட்டைக்கு வந்து, 1894-ல் கிளை ரயில் போட்ட பிறகு சுரங்க வாசலுக்கே வந்து சேர்ந்தன. திவான் சேஷாத்ரி ஐயர் கண்ட கனவாகிய சிவசமுத்திர மின்சாரம், அவர் காலமான மறு வருஷமாகிய 1902-ல், 92 மைல் நீளக் கம்பி வழியாகத் தங்கவயலுக்கு வந்தது. குடிதண்ணீரோ பேத்தமங்களா ஏரியிலிருந்து வந்தது. இவ்வளவு யந்திரங்கள் இரவு பகலாக ஓடுகிற இடத்தில் ஓர் உறுப்பு முறிந்துவிட்டால், பர்மிங்காமுக்குக் கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் கப்பலை எதிர்பார்த்துக் கைகட்டி உட்கார்ந்திருக்க முடியுமா? ஆகவே வார்ப்படமும், கொல்லுலையும், லேத்துகளும் கொண்ட பட்டறைகள் சுரங்கத்தோடு சுரங்கமாக வளர்ந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கூலிக்கு வந்த தமிழர்களின் பிள்ளைகள் அங்கே ஃபிட்டர்களாகவும் டர்னர்களாகவும் கைதேர்ந்தார்கள். கிடைக்காத சாமானைக் கடைசல் பிடித்துச் செய்துகொள்வது அவர்களுக்கு ஒரு சாமர்த்தியமாகத் தோன்றவே இல்லை. அன்றாடக் காரியமாகத்தான் தோன்றியது.

சைக்கிளும் அதே கப்பல் வழியாக வந்த சாமான்தான். ராலே, ஹம்பர், ரட்ஜ், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்று அன்று சொன்ன பெயர்களெல்லாம் நாட்டிங்காம், கவென்ட்ரி, பர்மிங்காம் என்னும் மூன்று ஊர்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. அவற்றுள் பி.எஸ்.ஏ. கம்பெனி துப்பாக்கி செய்ய ஏற்பட்டது. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்துக் கூட்டி நிறுத்திய முத்திரையைத் தன் சைக்கிள் உறுப்புகளின்மேலும் அது பொறித்து விற்றது. பிலிப்ஸ் கம்பெனியோ முழுச் சைக்கிளுக்குப் பேர் வாங்குவதற்கு முன்னால் பெடல் முதலிய உறுப்புகளுக்குப் பேர் வாங்கியது. ஆரம்பத்திலிருந்தே சைக்கிள் என்பது ஒருவரே செய்து முடித்த ஏகவஸ்துவாக இருக்கவில்லை. பல பட்டறைகளின் உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டிய கூட்டுச் சரக்காகவே அது பிறந்தது. உதிரிச் சாமான் வியாபாரம் பிற்பாடு சைக்கிளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறவர்கள் கதையைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

இந்தக் கூட்டுச் சரக்கு ஒன்றோடொன்று பொருந்துவதற்கு ஓர் உடன்படிக்கை வேண்டும். அது மரையில் இருந்தது. சிவசமுத்திர மின்சாரம் தங்கவயலுக்கு வந்த அதே 1902-ஆம் வருஷத்தில், இங்கிலாந்துச் சைக்கிள் பொறியியலாளர் சங்கத்தார் சைக்கிளுக்குரிய மரைகளுக்கெல்லாம் ஒரு பொது அளவை வகுத்தார்கள். பெடலின் அச்சு கிராங்கிலே ஏறும் இடத்துக்கு ஏற்பட்ட அளவு பதினாறில் ஒன்பது அங்குலக் குறுக்களவு. அங்குலத்துக்கு இருபது மரை. அந்த அளவு இன்றுவரை மாறவில்லை. ராஜாங்கங்கள் மாறின, நாணயம் மாறிற்று, அங்குலத்தையே நாம் சட்டம் போட்டு அகற்றிவிட்டு மில்லிமீட்டருக்கு வந்தோம். பெடல் மரை மட்டும் பதினாறில் ஒன்பதாகவே ஜப்பானிலும் தைவானிலும் லூதியானாவிலும் இன்றைக்கும் வெட்டப்பட்டு வருகிறது.

அந்த மரையிலே ஒரு விசித்திரம் உண்டு. வலது பெடலுக்கு வலமரை, இடது பெடலுக்கு இடமரை. அதாவது இடது பெடலைக் கழற்ற வேண்டுமானால் உலகத்திலுள்ள மற்றத் திருகாணிகளையெல்லாம் இறுக்குகிற பக்கமாகத் திருப்ப வேண்டும். இதற்குக் காரணம் யாதெனில், சற்றே பெரிய துவாரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் அச்சின்மேல் பாரம் சுற்றிச் சுற்றி அழுத்தும்போது, அந்த அச்சு பாரம் சுற்றுகிற திசைக்கு எதிர்த் திசையில் மெல்ல மெல்ல ஊர்ந்து திரும்பும்; கண்ணுக்குப் புலப்படாத அந்த ஊர்தல் வலது பக்கத்தில் பெடலை இறுக்கும், இடது பக்கத்திலும் வலமரையே வைத்திருந்தால் பெடலைக் கழற்றிப் பாதையிலே எறிந்துவிடும். குண்டுகளின் உராய்வு அச்சைக் கழற்றப் பார்க்கிறதே என்று யுக்தி பேசுகிறவர்கள் உண்டு. அது வாஸ்தவமே, ஆனால் ஊர்தலின் பலம் உராய்வின் பலத்தைத் தோற்கடித்துவிடுகிறது. ஆகாய விமானத்தால் உலகப் பிரசித்தி பெறுவதற்கு முன் சைக்கிள் கடை நடத்திவந்த ரைட் சகோதரர்கள், கழன்று விழாத பெடல் என்று சொல்லி 1900-ல் விளம்பரம் செய்தார்கள். நமது சைக்கிள் கடைக்காரர்களில் எவரும் இந்த ஊர்தல் சாஸ்திரத்தைப் படித்தவரல்லர். ஸ்பானரை மேலே நிறுத்திக்கொண்டு, சைக்கிளின் முன்புறமாகத் தள்ளினால் இறுகும், பின்புறமாகத் தள்ளினால் கழலும், இரண்டு பக்கத்துக்கும் இதுவே விதி என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் முதலில் வாங்குகிற குட்டு பெரும்பாலும் இடது பெடலால் வாங்குகிற குட்டாகவே இருக்கும்.

இரண்டாம் உலக யுத்தம் வந்து கப்பல் நின்றது. சீமைச் சைக்கிளும் சீமை உறுப்பும் அருமையாயின. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. சென்னையில் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள், அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் சைக்கிள் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் ஓடியது போலவே தங்கவயலிலும் ஓடியது. வடக்கே முஞ்சால் சகோதரர்கள் 1944-ல் அமிர்தசரஸில் சைக்கிள் உறுப்பு வியாபாரிகளாகத்தான் தொழிலைத் தொடங்கினார்கள். தேசப் பிரிவினையின் பின் லூதியானாவில் குடியேறி, ஒவ்வோர் உறுப்பாகச் செய்யக் கற்று, 1956-ல்தான் ஹீரோ என்னும் முழுச் சைக்கிளுக்கு வந்தார்கள். லூதியானாவின் சந்துகளில் குண்டு ஒருவர், கோன் ஒருவர், பெடல் ரப்பர் ஒருவர் என்று பிரித்துக்கொண்டு செய்த சின்னஞ்சிறு பட்டறைகளின் சரக்கு, எந்தக் கம்பெனிச் சைக்கிளுக்கும் பொருந்துவதாக, காகிதப் பொட்டலங்களில் கட்டப்பட்டுத் தென்னாட்டுக்கு வந்தது. அம்பத்தூர்ச் சைக்கிளுக்கு லூதியானாப் பெடல் பூட்டுவதை ஒருவரும் விபசாரமாகக் கருதவில்லை.

அந்தப் பெடலைப் பழுது பார்க்கும் முறையைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லலாம். சொல்லாமல் விட்டால் இன்னும் ஒரு தலைமுறையில் கேட்பதற்கு ஆளிருக்க மாட்டார்கள். பால்காரர் ஒருவர் வந்து, மிதிக்கும்போது கடக் கடக்கென்று சத்தம் வருகிறது என்கிறார். கடைக்காரர் சைக்கிளைப் பார்க்கமாட்டார். பெடலை ஒரு விரலால் தட்டிச் சுழலவிட்டுக் காதால் பார்ப்பார். சத்தம் பெடலிலா, காட்டர் பின்னிலா, நடு அச்சிலா என்று அங்கேயே தீர்ப்பாகிவிடும். காட்டர் பின் தேய்ந்திருந்தால் ஒரு சுத்தியல் அடியோடு வேலை முடிந்தது. பெடலேயானால், வெளிப்புற மூடியைக் கழற்றி, நட்டையும் வாஷரையும் எடுத்து, கோனைத் திருகி வெளியே வாங்கும்போது, குண்டுகள் சிதறாதபடி கீழே ஒரு பழைய டியூப் துண்டை விரித்து வைப்பார். கறுத்துப் பசையாகிப் போன கிரீஸை மண்ணெண்ணெயில் அலசி, குண்டுகளை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துப் பளபளப்பு மங்கியதை அகற்றிவிட்டு, கிண்ணத்தில் புதுக் கிரீஸைத் தடவி, அந்தக் கிரீஸின் பிடிப்பிலேயே குண்டுகளை வட்டமாக ஒட்டவைப்பார். வட்டம் முழுதும் அடைந்தபின் ஒரு குண்டுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி மிஞ்ச வேண்டும். இடமில்லாமல் நெருக்கி அடைத்தால் சுழலாது, அதிகம் விட்டால் ஆடும். கோனை முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்றுப் பின்வாங்கி நட்டைப் பூட்டுவதிலே இருக்கிறது கைத்திறன். அந்தக் கால் சுற்றுக்குப் புஸ்தகத்தில் அளவு கிடையாது. பெடல் கட்டை தேய்ந்திருந்தால் கட்டை. அச்சு வளைந்திருந்தால் அச்சு மாத்திரம். முழுப் பெடலையும் தூக்கி எறிவது என்பது, பெடலின்மேல் லாரி ஏறினாலொழிய, நினைத்துப் பாராத காரியம்.

வாடகைச் சைக்கிளின் காலமும் அதுவே. மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, சட்டத்துக்கு மேலே கால் எட்டாத பிள்ளைகள் முக்கோணத்துக்குள்ளே காலை நுழைத்து ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு ஓட்டினார்கள். அதற்குக் குரங்குப் பெடல் என்று நம் ஜனங்கள் வைத்த பேருக்கு ஈடான பேர் வேறெந்த பாஷையிலும் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. 2024-ல் அந்தப் பெயரிலேயே ஒரு திரைப்படமும் வந்தது. வாடகைச் சைக்கிள் கடைக்காரருக்கு மட்டும் அந்த வித்தையில் ரசனை இல்லை; ஒரு பக்கமாகவே பாரம் வாங்கி வாங்கிப் பெடல் அச்சு வளைவதை அவர் நன்கறிவார்.

இதே காலத்தில் மேனாட்டுப் பந்தயக்காரர்களோ பெடலை வேறொரு திசையில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். கால் வழுக்காமலும், கீழே மிதிப்பதோடு மேலே இழுக்கவும் வேண்டுமென்பதற்காகப் பெடலின் முன்னே ஒரு கூண்டு வைத்து, விரல்களை உள்ளே நுழைத்து, தோல் வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். விழுந்தால் சைக்கிளோடு சேர்ந்தே விழ வேண்டியதுதான். இந்தக் கூண்டு இல்லாமல் செருப்படியிலேயே ஒரு பூட்டு வைத்து, பாதத்தை முறுக்கினால் கழலும்படி செய்யலாமென்று சார்லஸ் ஹான்ஸன் என்பவர் 1895-லேயே உபாயம் கண்டார். உலகம் அதைக் கவனிக்க ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் பிடித்தது. பனிச்சறுக்குக் கட்டைகளில் காலணியைப் பூட்டும் கருவி செய்துவந்த பிரெஞ்சுக் கம்பெனியாகிய லுக், 1984-ல் தன் பெடலை வெளியிட்டது. மறு வருஷம் பெர்னார் ஈனோ அதை மிதித்தே பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றார். ஆனால் அந்தப் பூட்டு பெரியது. அதை அணிந்துகொண்டு நடந்தால் வாத்து நடை. மலையிலே சைக்கிளை இறங்கித் தூக்கிச் செல்ல வேண்டிய மலைச் சைக்கிள்காரர்களுக்காக, செருப்படியின் பள்ளத்துக்குள் மறைந்துவிடும் ஒரு சிறு இரும்புத் துண்டைக் கொண்ட எஸ்.பி.டி. பெடலை ஜப்பானிய ஷிமானோ கம்பெனி 1990-ல் கொண்டுவந்தது. காலைப் பூட்டிக் கவ்விக்கொள்ளும் இந்தப் பெடலுக்குப் பெயர் என்ன தெரியுமா? ‘கிளிப்லெஸ்’, அதாவது கவ்வி இல்லாதது! பழைய விரல் கூண்டு இல்லை என்பதே அந்தப் பெயரின் தாத்பரியம். பெயரிட்டவர்கள் போனதை நினைத்து இட்டார்களேயன்றி வந்ததைப் பார்க்கவில்லை.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன் அப்படிப்பட்ட ஒரு மலைச் சைக்கிளை வைத்துக்கொண்டு, விடுமுறை நாளில் அதை ரயிலேற்றிக் கொண்டுவந்து, தங்கவயலின் சயனைட் மேடுகளைச் சுற்றிவிட்டு ஏரிப் பக்கம் போய்வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தமங்களாவிலிருந்து திரும்பும் வழியில் அவனுடைய வலது பெடல் ஆட்டம் கண்டு, குதிகால் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே வெளியே போய்வரத் தொடங்கியது. தங்கவயலின் ராபர்ட்ஸன்பேட்டையில் எனக்குப் பழக்கமான கடைக்காரரிடம் அழைத்துப் போனேன். எழுபதைத் தாண்டிய அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது பெடலா, பூட்டா?” என்று கேட்டார்.

“ரெண்டும்தான் பெரியவரே.”

“அப்போ சாவி எங்கே?”

அவர் வேடிக்கையாகக் கேட்ட கேள்விதான் மெய்யான கேள்வியாகப் போய்விட்டது. இவ்வகைப் பெடல்களில் அச்சு, குண்டு, கோன் எல்லாம் ஒரே தொகுதியாக உள்ளே அடங்கியிருக்கின்றன. அத்தொகுதியை ஒரு பிளாஸ்டிக் வளையம் பூட்டியிருக்கிறது. வளையத்தின் விளிம்பிலே நுண்ணிய பற்கள், அந்தப் பற்களைப் பற்றித் திருப்பக் கம்பெனியார் செய்த தனிச் சாவி. அதிலும் ஒரு சூது: கிராங்கில் வலமரையாக ஏறும் வலது பெடலுக்கு உள்ளே அந்த வளையம் இடமரை, இடது பெடலுக்கோ வலமரை. அறியாமல் வழக்கப்படி திருப்பினவர்கள் பிளாஸ்டிக்கை உடைத்துவிட்டுப் பெடலையே குப்பையில் போட்டிருக்கிறார்கள். பெரியவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வளையத்தின்மேல் இறுக்கும் திசையைக் காட்டி வார்த்திருந்த சின்ன அம்புக்குறியைக் கண்டுபிடித்தார். ஸ்பானரை எடுக்கவில்லை.

சாவியை அவர் இரவல் வாங்கவில்லை, செய்வித்தார். சுரங்கப் பட்டறையிலே கடைசல் பழகி, 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபின் சொந்தமாக ஒரு லேத்து வைத்துக்கொண்டவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவர் ஒரு துண்டுக் குழாயை உள்விட்டம் கடைந்து, அரத்தால் பல் பல்லாக வெட்டிக் கொடுத்தார். பத்தாயிரம் அடிக்குக் கீழே ஓடிய யந்திரங்களுக்கு உறுப்பு கடைந்த வித்தை, பெங்களூர்ப் பையனின் பெடலுக்கு உபயோகப்பட்டது. ஆனால் திறந்தவுடன் அடுத்த தடை எதிர்ப்பட்டது. உள்ளே இருந்த குண்டுகள் முப்பத்திரண்டில் மூன்று அங்குலம், கடுகைவிடச் சற்றே பெரியவை. பெரியவரின் தகரப் பெட்டியிலிருந்த முன்வீல் குண்டு, பின்வீல் குண்டு, ஃப்ரீவீல் குண்டு ஒன்றுமே அதற்குப் பொருந்தவில்லை.

உதிரிச் சாமான் கிடைப்பது தூரத்தைப் பொறுத்ததன்று, மரை யாருடையது என்பதைப் பொறுத்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. லூதியானா ராபர்ட்ஸன்பேட்டைக்கு எவ்வளவோ தூரம். இருந்தும் அதன் சரக்கு பெரியவரின் பெட்டியில் எப்போதும் இருந்தது, ஏனெனில் பதினாறில் ஒன்பது அங்குலம் எவருடைய சொத்துமன்று. பூட்டுப் பெடலின் வாயோ ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு விதம். ஒருவர் செருப்படித் துண்டு மற்றொருவர் பெடலில் ஏறாது. நியாயமாகச் சொன்னால், எஸ்.பி.டி. பெடலின் வாயை இப்போது தைவான் கம்பெனிகள் பலவும் பின்பற்றுகின்றன. ஆகையால் தேய்ந்து போகும் அந்த இரும்புத் துண்டு மட்டும் தேடினால் கிடைக்கிறது. பக்கவாட்டில் முறுக்கினால் மாத்திரம் கழலும் துண்டு ஒரு வகை, பல திசையிலும் கழலும் துண்டு ஒரு வகை. புதிதாகப் பழகுகிறவனுக்கு இரண்டாவதே உத்தமம் என்று என் மருமகன் முழங்கால் தழும்பைக் காட்டிச் சொல்கிறான். அமெரிக்காவின் கிராங்க் பிரதர்ஸ் போன்றார் குண்டும் முத்திரை வளையமும் அடங்கிய பொட்டலம் ஒன்றைப் பழுதுக்கென்றே விற்கிறார்கள். பாராட்டத்தக்க காரியந்தான், ஆனால் அந்தப் பொட்டலம் அவர்கள் பெடலுக்கு மட்டுமே ஆகும்.

அடுத்த ஞாயிறு மருமகன் பெங்களூரில் ஒரு பேரிங் கடையிலிருந்து சிறு குண்டுகளை வாங்கிக்கொண்டு வந்தான். பெரியவர் டியூப் துண்டை விரித்தார். பக்கத்துக்குப் பன்னிரண்டாக அந்தக் கடுகுகளை ஊசி முனையால் கிரீஸில் ஒட்டவைக்க அவருக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் பிடித்தது. நடுவில் இரண்டு தடவை தேநீர் வந்து ஆறிப்போயிற்று. கோனை இறுக்கி, அவருக்கே தெரிந்த அந்தக் கால் சுற்றைப் பின்வாங்கிப் பூட்டி, விரலால் தட்டிச் சுழலவிட்டுக் காதைக் கொடுத்தார். சத்தமில்லை. ஒன்று கெட்டால் மற்றதும் கெட்டிருக்கும் என்று இடது பெடலையும் கழற்றிப் பார்த்து, புதுக் கிரீஸ் வைத்து முடித்தார்.

கடைசியாகப் பெடல்களைக் கிராங்கில் பூட்ட வேண்டியிருந்தது. அதற்குள் பஞ்சர் ஒட்ட வந்த ஒருவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே, கண்ணை அந்தப் பக்கம் வைத்தபடி, இடது பெடலின் மரையைக் கிராங்கின் வாயில் வைத்து முன்புறமாகத் திருப்பினார். அது ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறிற்று. பேச்சை நிறுத்தி அதை ஒரு கணம் பார்த்தார்.

“இதை மட்டும் மாத்தாம வச்சிருக்கானுங்க” என்று சொல்லிவிட்டு, மறுபடி பஞ்சர்க்காரர் பக்கம் திரும்பினார்.